சவுக்குமரத்தின் தோளில் ஒரு துண்டு

பெருஞ்செலவில் கட்டிய அரங்கம் ஒன்று ஊருக்கு வெளியே பூட்டிக் கிடக்கிறது, பராமரிப்புச் செலவு மட்டும் ஆண்டுதோறும் ஏறிக்கொண்டே போகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆங்கில நாளிதழ் அதை 'ஒயிட் எலிஃபண்ட்' என்று எழுதும். விழுப்புரத்துப் பிள்ளைக்கு இந்த இரண்டு சொற்களும் தொடக்கப்பள்ளியிலேயே பழக்கமானவை. வெள்ளை யானை என்று படித்ததும் மனத்தில் வந்து நிற்பது இந்திரனின் ஐராவதம். அதைவிட நெருக்கமான யானையும் உண்டு. இதே மாவட்டத்துத் திருவெண்ணெய்நல்லூரில் இறைவன் ஓலையைக் காட்டி வழக்காடி ஆட்கொண்ட சுந்தரர், கடைசியில் கயிலைக்குப் போனது வெள்ளை யானையின் மேல்தான். இந்தக் கதையைக் கேட்டு வளர்ந்த ஒருவர், அரங்கத்தால் ஊருக்குப் பெரிய கௌரவம் வந்திருக்கிறது என்று புரிந்துகொண்டால் அதில் வியப்பில்லை. செய்தி சொல்வதோ அதற்கு நேர்மாறானதை.

ஆங்கிலத்துக்கு இந்த யானை சயாமிலிருந்து வந்தது. தமக்குப் பிடிக்காத பிரபுவுக்கு அரசர் வெள்ளை யானையைப் பரிசாக அனுப்புவாராம். புனித விலங்கு என்பதால் அதை வேலை வாங்க முடியாது, விற்கவும் முடியாது. அதற்குத் தீனி போட்டே பிரபு நொடித்துப் போவார். இந்தக் கதையைக் கேள்விப்படாதவருக்கு அந்த இரண்டு எளிய சொற்களும் எந்த உதவியும் செய்யாது. தெரியாத சொல் வந்தால் வாசகர் நின்று அகராதியைப் புரட்டுவார். இங்கே எல்லாமே தெரிந்த சொற்கள். ஆகவே அவர் நிற்பதில்லை. தவறாகப் படித்த உணர்வே இல்லாமல் அடுத்த வரிக்குப் போய்விடுகிறார்.

பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மொழியியலாளர் ஜெனெட் லிட்டில்மோர் பல ஆண்டுகள் ஆராய்ந்தது இந்தச் சிக்கலைத்தான். குறுகிய காலப் படிப்புக்காக பிரிட்டனுக்கு வந்திருந்த வங்கதேச அரசு அலுவலர்கள் விரிவுரைகளில் வந்த உருவகங்களை எப்படிப் புரிந்துகொண்டார்கள் என்பதைப் பற்றிய அவருடைய கட்டுரை 2001இல் வெளிவந்தது. எதைப் பற்றிப் பேச்சு என்பதைப் பிடித்துக்கொண்டவர்கள்கூட, பேசுபவர் அதைப் பாராட்டுகிறாரா பழிக்கிறாரா என்பதில் தடுமாறினார்கள். 2011இல் அவரும் வேறு மூவரும் சேர்ந்து வெளியிட்ட ஆய்வு, பிரிட்டிஷ் பல்கலைக்கழக விரிவுரைகளைக் கேட்ட வெளிநாட்டு மாணவர்களைப் பற்றியது. பழகிய சொற்களாலேயே அமைந்தும் அவர்களுக்குக் கடினமாக இருந்த தொடர்களில் சுமார் 40 சதவீதம் உருவகம் சார்ந்தவை. உருவகத்தைப் பிழையாகப் புரிந்துகொண்ட மாணவர்கள், தங்களுக்கு அங்கே ஒரு சிக்கல் இருப்பதையே அரிதாகத்தான் உணர்ந்தார்கள்.

பர்மிங்ஹாமில் கண்டது விழுப்புரம் அறிஞர் அண்ணா அரசு கலைக் கல்லூரிக்கும் திண்டிவனம் திரு.ஆ.கோவிந்தசாமி அரசு கலைக் கல்லூரிக்கும் பொருந்தும். வீட்டில் ஆங்கிலம் பேச ஆளில்லாத பிள்ளைகள் பேருந்தேறி வந்து படிக்கும் இடங்கள் இவை. அவர்களிடம் ஆங்கிலச் சொற்களின் இருப்பு குறைவு என்பதுதான் எல்லோரும் சொல்லும் குறை. சொற்கள் கூடினாலும் உருவகத்தில் அவர்கள் தடுமாறுவார்கள் என்பது அதிகம் பேசப்படாத உண்மை. அந்தத் தடுமாற்றத்தைப் போக்கும் கருவி தமிழ் வகுப்பில் அவர்கள் ஏற்கெனவே படித்த இலக்கணத்தில் இருக்கிறது என்பதோ இன்னும் குறைவாகப் பேசப்படுகிறது.

முதலில் தட்பவெப்பத்தைப் பார்ப்போம். மே மாதம் வெயில் 40 டிகிரியைத் தொடும் ஊரில் குளிர்ச்சி என்பது வரம். கண் குளிரப் பார்க்கிறோம், மனம் குளிர வாழ்த்துகிறோம். மாரியம்மனை வேண்டிக்கொள்வதே குளிர்ந்துபோகும்படிதான். பனியும் மழையும் வாட்டும் நாட்டில் பிறந்த ஆங்கிலம் இதைத் திருப்பிப் போட்டிருக்கிறது. அங்கே அன்பான வரவேற்பு 'வார்ம்', முகம் திருப்பிக்கொள்வது 'கோல்ட்'. ஒருவருடைய திட்டத்தின்மேல் குளிர்ந்த நீரை ஊற்றினார்கள் என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தால், ஆர்வத்தை அணைத்துவிட்டார்கள் என்று பொருள். வயிற்றில் பால் வார்த்ததுபோல் இருந்தது என்று சொல்லிப் பழகிய தமிழ் வாசகர், திட்டம் போட்டவருக்கு நிம்மதி கிடைத்தது என்று எடுத்துக்கொள்வார். கோபத்தில் மட்டும் இரண்டு மொழிகளும் ஒன்றாகக் கொதிக்கின்றன.

உப்பும் அப்படித்தான். திண்டிவனத்திலிருந்து கிழக்கே போனால் மரக்காணத்தின் உப்பளங்கள். தமிழில் உப்பு நன்றியுணர்ச்சிக்கும் ரோஷத்துக்கும் அடையாளம். உப்புப் போட்டுத்தானே சாப்பிடுகிறாய் என்ற கேள்வி யாரையும் சுடும். ஒரு தகவலை ஒரு சிட்டிகை உப்போடு எடுத்துக்கொள் என்று ஆங்கிலம் சொன்னால், அதை முழுவதும் நம்பிவிடாதே என்கிறது. அடுத்தது கால். ஆங்கிலத்தில் காலைப் பிடித்து இழுப்பது விளையாட்டுக் கிண்டல். தமிழில் காலை வாருவது துரோகம். 'புல்லிங் மை லெக்' என்று நண்பர் சிரித்துக்கொண்டே சொன்னதை மனத்தில் வைத்து வருந்துபவர் இருக்கக்கூடும்.

இவையெல்லாம் மரபுத்தொடர்கள். பல பேர் பலமுறை சொல்லிச் சொல்லி இறுகிப்போனவை. அகராதியில் இருக்கின்றன, போட்டித் தேர்வுப் புத்தகங்களில் பட்டியலாகக் கிடைக்கின்றன. மனப்பாடம் செய்தால் ஓரளவு கரையேறிவிடலாம். எந்த அகராதியிலும் இல்லாத, ஒரு கவிஞர் ஒரே ஒருமுறை உருவாக்கிய உருவகம் வரும்போதுதான் மாணவர் தனியாக விடப்படுகிறார். ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள் எழுதி வைத்தாலும் வரி வாய் திறப்பதில்லை. கைபேசி மொழிபெயர்ப்பும் பெரும்பாலும் சொல்லுக்குச் சொல் வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது.

அப்படிப்பட்ட உருவகங்கள் பன்னிரண்டாம் வகுப்பு ஆங்கிலப் பாடநூலில் நிறைய இருக்கின்றன. அவற்றுள் இந்த மண்ணுக்கு மிக அருகில் இருப்பது டோரு தத் எழுதிய 'அவர் கேஷுவரினா ட்ரீ'. 1856இல் கல்கத்தாவில் பிறந்து 1877இல், 21 வயதில் மறைந்த பெண் கவிஞர் அவர். இந்தக் கவிதை இடம்பெற்ற நூல் அவர் இறந்த பிறகு 1882இல் வெளிவந்தது. கேஷுவரினா என்பது நம் சவுக்கு. கடலூரிலிருந்து மரக்காணம் வரை மணற்பாங்கான நிலத்தில் எங்கே திரும்பினாலும் நிற்கும் மரம். ஆகவே மரத்தை விளக்க வேண்டியதே இல்லை என்று ஆசிரியர் நினைக்கலாம். சிக்கல் தொடங்குவதே அங்கேதான்.

இங்கே சவுக்கு ஒரு பயிர். நெருக்கமாக நட்டு, சில ஆண்டுகளில் வெட்டி, பந்தல் காலுக்கும் சாரத்துக்கும் விறகுக்கும் காகித ஆலைக்கும் அனுப்புவார்கள். தொடை அளவு பருத்த சவுக்கைக்கூட எல்லோரும் பார்த்திருக்க மாட்டார்கள். டோரு தத்தின் மரமோ கல்கத்தாவின் பாக்மாரியில், குடும்பத் தோட்டத்தில் வெட்டப்படாமல் பல காலம் வளர்ந்த தனிமரம். அதன் அடிமரத்தைச் சுற்றிச் சுற்றி ஒரு பெருங்கொடி ஏறியிருக்கிறது. கவிஞர் அந்தக் கொடியை முதலில் மலைப்பாம்பு என்கிறார். வேறு எந்த மரமானாலும் அந்த இறுக்கத்தில் செத்திருக்கும் என்கிறார். அடுத்த கணமே மரத்தை ஒரு பேருருவ வீரனாக்கி, அதே கொடியை அவன் கம்பீரமாக அணிந்திருக்கும் 'ஸ்கார்ஃப்' ஆக்கிவிடுகிறார்.

ஒரே கொடி, சில வரிகளுக்குள் பாம்பாகவும் ஆடையாகவும் மாறுகிறது. பயிர்ச்சவுக்கை மட்டுமே பார்த்தவருக்கு இந்தப் பேருருவம் பிடிபடாது. 'ஸ்கார்ஃப்' என்றதும் வண்டியோட்டும் பெண்கள் வெயிலுக்கு முகத்தைச் சுற்றிக்கட்டும் துணிதான் நினைவுக்கு வரும். அதைத் துண்டு என்று எடுத்துக்கொண்டால் நிலைமை மாறுகிறது. தோளில் துண்டு போட்டுக்கொள்வது இந்தப் பகுதியில் வெறும் பழக்கமாக இருந்ததில்லை. பண்ணையார் எதிரே வந்தால் துண்டைத் தோளிலிருந்து எடுத்து இடுப்பில் கட்டிக்கொள்ள வேண்டும் என்று ஒடுக்கப்பட்ட சாதியினர் கட்டாயப்படுத்தப்பட்ட காலத்தை வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பார்கள். துண்டு தோளில் ஏறியது ஒரு வரலாறு. கழுத்தை நெரிக்க வந்ததையே தோளில் துண்டாகப் போட்டுக்கொண்டு நிமிர்ந்து நிற்கிறது அந்த மரம் என்று ஒரு திண்டிவனத்து மாணவி எழுதினால், கவிதையின் அந்தப் பகுதி அவளுக்குச் சொந்தமாகிவிட்டது என்று பொருள். எந்தக் கைடும் அவளுக்கு அதைச் சொல்லியிருக்காது.

கவிதையின் பிற்பகுதி இங்குள்ளவர்களுக்கு இன்னும் எளிது. டோருவின் அண்ணன் அப்ஜு 1865இல் இறந்தார், அக்கா ஆரு 1874இல் இறந்தார். மூவரும் விளையாடிய மரம் அவர்களுக்காக ஓலமிடுவதாகவும், அந்த ஒலி கூழாங்கல் கரையில் மோதும் அலையின் ஒலியைப் போன்றது என்றும் கவிஞர் எழுதுகிறார். நகரத்து மாணவர் இதை வெறும் அலங்காரம் என்று தாண்டிப் போகலாம். மரக்காணத்துச் சவுக்குத் தோப்புக்குள் காற்று புகும்போது எழும் நீண்ட ஓசையைக் கேட்டவர்கள் அப்படிப் போக மாட்டார்கள். கண்ணை மூடிக்கொண்டால் கடல் எது, தோப்பு எது என்று பிரிப்பது கடினம். கவிஞர் கல்கத்தாவில் கேட்டதை அவர்கள் தங்கள் ஊரிலேயே கேட்டிருக்கிறார்கள்.

இதே பாடநூலில் கார்ல் சாண்ட்பர்க்கின் 'எ ஃபாதர் டு ஹிஸ் சன்' இருக்கிறது. 1936இல் வந்த நெடுங்கவிதை நூலின் ஒரு பகுதி அது. தகப்பன் மகனுக்கு இரண்டு அறிவுரைகள் சொல்ல யோசிக்கிறான். வாழ்க்கை கடுமையானது என்பதால் எஃகாக, பாறையாக இருக்கச் சொல்லலாம். வாழ்க்கை மிருதுவான 'லோம்' என்பதால் மென்மையாக இருக்கச் சொல்லலாம். மண்ணைப் பற்றிய உருவகம் விவசாயி வீட்டுப் பிள்ளைக்கு உடனே புரியும். மணலும் வண்டலும் களியும் அளவாகக் கலந்த, கையில் எடுத்தால் பொலபொலவென்று உதிர்கிற, எது போட்டாலும் முளைக்கிற மண் அது. தடுக்கி விழவைப்பது பாறைதான். தமிழில் கல் நெஞ்சம் என்றால் இரக்கமில்லாதது. அப்படியானால் தகப்பன் பிள்ளையை இரக்கமில்லாதவனாக இருக்கச் சொல்கிறானா என்று கேட்கத் தோன்றும். ஆனால் தமிழில் மலை உண்டு. உன்னை மலைபோல் நம்பியிருக்கிறேன் என்று சொல்லும்போது அந்த மலையில் கொடுமை இல்லை, அசையாமை இருக்கிறது. செஞ்சிக் கோட்டையின் பாறைக் குன்றுகளைப் பார்த்திருப்பவர் சாண்ட்பர்க்கின் பாறையைக் கல்லாக எடுத்துக்கொள்ளாமல் மலையாக எடுத்துக்கொண்டால் போதும், கவிதை சீராகிவிடும்.

டென்னிசனின் 'யுலிசிஸ்' வேறு மாதிரி ஏமாற்றும். கோப்பையின் அடியில் தங்கும் மண்டிவரை வாழ்க்கையைக் குடித்துத் தீர்ப்பேன் என்ற பொருளில் கிழட்டு அரசன் பேசுகிறான். நமக்கு மண்டி என்றால் காபி வடிகட்டியில் தங்கும் சக்கை. ஆகவே வாழ்க்கையின் கசப்பைச் சொல்கிறான் என்று படிக்கத் தோன்றும். அவன் சொல்வது தீராத தாகத்தை. ஒரு சொட்டையும் விட்டுவைக்க மாட்டேன் என்கிறான்.

ஷேக்ஸ்பியர் 'ஆஸ் யூ லைக் இட்' நாடகத்தில் உலகத்தை மேடையாக்கும் பகுதியும் பாடத்தில் உண்டு. இங்கே ஒரு தெருக்கூத்து அனுபவம் குறுக்கே வருகிறது. திரௌபதி அம்மன் திருவிழாவில் பாரதக் கூத்து நடக்கும் ஊர்களில், படுகளத்தன்று மண்ணில் பிரம்மாண்டமாகத் துரியோதனன் உருவம் செய்து கிடத்துவார்கள். அன்றைக்கு மேடை என்று தனியாக எதுவும் இல்லை, ஊரே குருக்ஷேத்திரம். வேஷம் கட்டியவருக்கு மருள் வரும், பார்ப்பவர்களுக்கும் வரும். ஷேக்ஸ்பியரின் மேடையில் ஆட்கள் குறித்த நேரத்தில் வருகிறார்கள், குறித்த நேரத்தில் வெளியேறுகிறார்கள். ஏழு பருவங்கள், ஏழு வேடங்கள். கூத்து பார்த்த மாணவருக்கு 'உலகம் மேடை' என்றதும் பக்தியும் உக்கிரமும் நினைவுக்கு வரலாம். ஷேக்ஸ்பியரின் பாத்திரம் பேசுவதோ விலகி நின்று பார்க்கும் சலிப்பில். இந்த வேறுபாட்டை வகுப்பில் வாய்விட்டுப் பேசினாலே மாணவர்கள் இரண்டு நாடக மரபுகளையும் ஒரே நேரத்தில் புரிந்துகொள்வார்கள்.

இனி அந்தக் கருவிக்கு வருவோம். தொல்காப்பியத்தின் பொருளதிகாரத்தில் உவமவியல் என்று ஒரு இயல் இருக்கிறது. ஒரு பொருளை இன்னொன்றோடு ஒப்பிடும்போது எந்த அடிப்படையில் ஒப்பிடுகிறோம் என்பதை அது நான்காகப் பிரிக்கிறது: வினை, பயன், மெய், உரு. அதாவது செயல், விளைவு, வடிவம், நிறம். அதோடு நிற்காமல், எந்த நோக்கத்தில் ஒப்பிடுகிறோம் என்பதையும் கேட்கிறது. சிறப்பு, நலம், காதல், வலிமை ஆகிய நான்கையும் ஒப்புமையின் நிலைக்களன்களாகச் சொல்லிவிட்டு, தாழ்த்திச் சொல்வதையும் சேர்த்தால் ஐந்தாகும் என்கிறது. லிட்டில்மோர் ஆய்வில் வங்கதேச அலுவலர்கள் இடறிய இடம் இந்த ஐந்தாவது. பேசுபவர் ஏற்றுகிறாரா இறக்குகிறாரா என்பதை அவர்கள் கேட்டுக்கொள்ளவில்லை. வெள்ளை யானையிடம் கேட்க வேண்டிய கேள்வியும் அதுவே.

தொல்காப்பியம் பேசுவது உவமையை. உவமைக்கும் உருவகத்துக்கும் வேறுபாடு உண்டு என்று தமிழாசிரியர்கள் திருத்துவார்கள். ஆனால் பழக்கமில்லாத உருவகத்தை மனித மனம் எதிர்கொள்ளும் விதத்தைப் பற்றி பிரையன் பௌடில், டெட்ரே ஜென்ட்னர் என்ற இரு உளவியலாளர்கள் 2005இல் வெளியிட்ட கட்டுரை சொல்வது இது: பழகிப்போன உருவகத்தை மனம் நேரடியாக ஒரு வகைக்குள் போட்டுவிடுகிறது, புதிய உருவகத்தை ஒப்புமையாகப் பிரித்துப் பார்த்தே புரிந்துகொள்கிறது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவருக்கும் இதே வழிதான். இதில் விழுப்புரத்து மாணவருக்கு ஒரு நல்ல செய்தி அடங்கியிருக்கிறது. மரபுத்தொடரில் லண்டன்காரர் பிறந்ததிலிருந்தே முன்னால் நிற்கிறார். புத்தம்புதிய உருவகத்தின் முன் அவரும் நின்று யோசிக்க வேண்டும்.

உருவகம் இந்த மண்ணுக்கு அந்நியமும் இல்லை. 2019 வரை விழுப்புரம் மாவட்டத்தில் இருந்து இப்போது கள்ளக்குறிச்சி மாவட்டத்துக்குப் போயிருக்கும் திருக்கோவிலூரில், மழை இரவில் ஒரு சிறிய இடைகழியில் முதலாழ்வார் மூவரும் சந்தித்தார்கள் என்பது வைணவ மரபு. ஒருவர் படுக்கலாம், இருவர் உட்காரலாம், மூவர் நிற்கலாம் என்ற அளவு இடம். அந்த இருட்டில் பொய்கையாழ்வார் பூமியை அகலாக்கி, கடலை நெய்யாக்கி, கதிரவனைச் சுடராக்கி விளக்கேற்றினார். பூதத்தாழ்வார் ஏற்றியதோ அன்பை அகலாகவும் ஆர்வத்தை நெய்யாகவும் உருகும் மனத்தைத் திரியாகவும் கொண்ட விளக்கு. பள்ளித் தமிழ்ப் பாடநூலில் இந்த இரண்டு பாடல்களும் இருக்கின்றன, உருவக அணியின் விளக்கமும் இருக்கிறது. ஒரு உருவகத்தைத் தொடங்கி, அதன் உறுப்புகளை ஒவ்வொன்றாகப் பொருத்திக்கொண்டே போவது எப்படி என்பதை ஏழாம் வகுப்பிலேயே கற்றுக்கொண்ட பிள்ளைகள் இவர்கள். அடுத்த மணி ஆங்கில வகுப்பில் அந்த அறிவை யாரும் கேட்பதில்லை.

கேட்டால் என்ன நடக்கும்? ஜான் டன்னின் கவிதை ஒன்றை எடுத்துக்கொள்வோம். 1633இல் அச்சான அந்தக் கவிதையில், பிரிந்து போகும் காதலன் தங்கள் இருவரின் ஆன்மாக்களைக் கணிதப் பெட்டியிலுள்ள காம்பஸின் இரண்டு கால்களாகச் சொல்கிறான். பதினெட்டாம் நூற்றாண்டு விமர்சகர் சாமுவேல் ஜான்சனே இந்த வகைக் கவிஞர்கள் ஒட்டாத பொருள்களை வலுக்கட்டாயமாகப் பிணைக்கிறார்கள் என்று குறைப்பட்டுக்கொண்டார். தொல்காப்பியத்தின் நான்கு கேள்விகளையும் போட்டுப் பார்க்கலாம். நிறத்தில் ஒப்புமை இல்லை. வடிவத்தில் இரண்டு கால்கள் என்பதோடு நின்றுவிடுகிறது, இங்கேயே நின்றுவிடும் மாணவர்கள்தான் அதிகம். வினைக்கு வரும்போது கதவு திறக்கிறது. ஒரு கால் நடுவில் ஊன்றி நிற்கிறது, இன்னொன்று விலகிச் சுற்றுகிறது. விலகிய கால் தூரம் போகப் போக நிற்கும் கால் அதன் பக்கம் சாய்கிறது. திரும்பி வந்தால் நிமிர்கிறது. வீட்டில் இருப்பவளின் ஏக்கம் அந்தச் சாய்வில் இருக்கிறது. பயன் என்ன? நடுக்கால் அசையாததால் வட்டம் தொடங்கிய இடத்திலேயே முடிகிறது. அவன் திரும்பி வருவான். வேலைக்காக வளைகுடா நாட்டுக்குப் போன கணவரையோ தகப்பனையோ தூரத்திலிருந்து நினைத்துக்கொள்ளும் குடும்பங்கள் உள்ள ஊர்களில் இதற்குமேல் விளக்கம் வேண்டியிருக்காது.

எலியட் இன்னும் கடினம். 1915இல் வெளிவந்த புருஃப்ராக் கவிதையின் தொடக்கத்தில், மாலை வானம் மயக்கமருந்து கொடுத்து மேசைமேல் கிடத்திய நோயாளியைப் போல் விரிந்து கிடக்கிறது. உவமை உயர்ந்ததாக இருக்க வேண்டும் என்பதும் உவமவியலின் விதிதான். அந்தியைப் பொன்னுக்கும் செம்பவளத்துக்கும் ஒப்பிட்டுப் பழகியவருக்கு இது அதிர்ச்சியாக இருக்கும். இங்கே ஐந்தாவது நிலைக்களன் கைகொடுக்கிறது. கவிஞர் வேண்டுமென்றே இறக்குகிறார். வடிவத்தில் விரிந்து கிடத்தல், வினையில் அசைவின்மை, பயனில் உணர்வற்றுப்போதல். வானத்தைச் சொல்லும் சாக்கில், எதையும் செய்யத் துணிவில்லாமல் மரத்துப்போன ஒரு மனிதனை எலியட் முதல் சில வரிகளிலேயே காட்டிவிடுகிறார். அந்த மயக்கம் புருஃப்ராக்குடையது.

சொற்களைக் கூட்டமாகக் கற்பிப்பதிலும் ஒரு வழி இருக்கிறது. ஃபிராங்க் போயர்ஸ் என்ற மொழியியலாளர் பெல்ஜியத்தில் ஆங்கிலம் கற்பவர்களிடம் நடத்திய சோதனைகளை 2000ஆம் ஆண்டில் வெளியிட்டார். உருவகத் தொடர்களை அவை பிறந்த இடத்தின்படி தொகுத்துக் கொடுத்தபோது மாணவர்கள் கூடுதலாக நினைவில் வைத்துக்கொண்டார்கள். விழுப்புரத்தில் இதைச் செய்ய ரயில் நிலையமே போதும். சென்னை, விருத்தாசலம், கடலூர், புதுச்சேரி, திருவண்ணாமலை என்று ஐந்து திசைகளிலிருந்து பாதைகள் வந்து சேரும் சந்திப்பு அது. 'சைட்டிராக்' என்றால் பேச்சு திசைமாறிப் பக்கப் பாதையில் போய் நின்றுவிட்டது என்று பொருள். விரைவு வண்டிக்கு வழிவிட்டு லூப் லைனில் காத்துக் கிடக்கும் பாசஞ்சரில் உட்கார்ந்திருந்தவருக்கு இதை ஏன் அப்படிச் சொன்னார்கள் என்று விளக்க வேண்டியதில்லை. 'டீரெயில்', 'ஆன் தி ரைட் டிராக்', 'டிரெயின் ஆஃப் தாட்' எல்லாம் ஒரே நடைமேடையில் நின்று சொல்லித்தரக்கூடியவை. நீராவியைச் சொல்லும் தொடர்களுக்கும், குகைப்பாதையின் முடிவில் தெரியும் வெளிச்சத்துக்கும் மட்டும் படம் காட்ட வேண்டியிருக்கும். நீராவி எஞ்சின் இந்தப் பிள்ளைகள் பிறப்பதற்கு முன்பே போய்விட்டது. இந்தச் சமவெளிப் பாதைகளில் பயணிக்கும் பிள்ளைக்குக் குகைப்பாதை பழக்கமும் இல்லை.

கிரிக்கெட்டும் அப்படியே. 'ஹிட் ஃபார் எ சிக்ஸ்' போன்றவற்றை ஏரிக்கரையில் மட்டை பிடித்த எந்தப் பையனும் விளங்கிக்கொள்வான். அமெரிக்கப் பேஸ்பால் கொடுத்த 'கர்வ்பால்' வந்தால்தான் விழிப்பான். எது தானாகப் புரியும், எதற்கு விளக்கம் வேண்டும் என்பதை ஊரைத் தெரிந்த ஆசிரியரால்தான் பிரித்துச் சொல்ல முடியும்.

தடை ஒன்று இருக்கிறது, அது வினாத்தாளில் இருக்கிறது. கவிதை வரியைக் கொடுத்து, இதில் வரும் 'ஃபிகர் ஆஃப் ஸ்பீச்' என்ன என்று கேட்கிறார்கள். 'மெட்டஃபர்' என்று ஒற்றைச் சொல் எழுதினால் மதிப்பெண் வந்துவிடுகிறது. டோரு தத்தின் கொடி ஏன் பாம்பிலிருந்து ஆடையாக மாறியது என்று யாரும் கேட்பதில்லை. பெயரிட்டுவிட்டால் புரிந்துவிட்டது என்று மாணவரும் நம்பிவிடுகிறார். அந்த மதிப்பெண்ணைக் கொஞ்சம் கூட்டி, கூடவே இரண்டு கேள்விகள் சேர்க்கலாம்: கவிஞர் இந்தப் பொருளின் செயலையா, விளைவையா, வடிவத்தையா, நிறத்தையா எடுத்துக்கொள்கிறார்? அதனால் சொல்லப்பட்டது உயர்கிறதா, தாழ்கிறதா? இதற்குப் புதிய பாடநூல் வேண்டாம், புதிய பயிற்சியும் வேண்டாம். தமிழாசிரியரும் ஆங்கில ஆசிரியரும் ஒருநாள் மதிய இடைவேளையில் சேர்ந்து உட்கார்ந்து சவுக்குமரக் கவிதையையும் திருக்கோவிலூர் விளக்குகளையும் அருகருகே வைத்து ஒரு பாடக்குறிப்பு எழுதினால் அடுத்த வாரமே வகுப்புக்குக் கொண்டுபோய்விடலாம்.